மாமா சொன்னார் என்பதற்காக ஐந்து வருடமா?

அம்மா, மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்டு நேற்று அவளோடு என்னிடம் வந்தீர்கள். ஆனால் நீங்கள் பேசியதில் பாதி நேரம் அவளைப் பற்றியே இல்லை, உங்கள் அண்ணனைப் பற்றித்தான் இருந்தது. "கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் பண்ணுகிறாளா, அப்போ ஆர்க்கிடெக்சரில் சேர்த்துவிடு, கவுரவமான படிப்பு" என்று அவர் சொன்னார், நீங்களும் கடன் விண்ணப்பம் வரைக்கும் போய்விட்டீர்கள். பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். அவள் போனில் காட்டிய அந்தச் சமையலறைப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

அந்தப் படத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வரும் வெயில் குழாயின் கழுத்தில் மட்டும் பட்டு நிற்கிறது. அதற்காகச் சூரியனை இருபது நிமிடம் பின்னால் தள்ளினேன் என்றாள். மேடையின் விளிம்பை 2 மில்லிமீட்டர் மழுக்கியிருக்கிறாள். நிஜத்தில் எந்த மேஜைக்கும் கத்தி மாதிரி விளிம்பு கிடையாது, அந்த மழுங்கலில்தான் வெளிச்சம் மெல்லிய கோடாகப் பிடிக்கும், அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் படம் பொம்மை வீடு மாதிரி தெரியும். யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். சாப்பாட்டு மேஜையைத் தடவிப் பார்த்தாளாம்.

ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டுமா என்றும் நேராகவே கேட்டேன். "வேண்டாம், அடுத்தவர் வரைந்த வீட்டுக்கு வெளிச்சம் வைக்கத்தான் பிடிக்கும்" என்றாள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பிள்ளையைக் கட்டட விதிகளுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவில் ஐந்து வருடம் உட்கார வைக்க, அதுவும் கடன் வாங்கி, நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்றை மறைக்கவும் மாட்டேன். பட்டமும் பதிவும் இல்லாமல் பல நாடுகளில் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு போட்டுக்கொள்ள முடியாது. தானே வீடு வடிவமைக்க ஆசைப்படுபவர்களுக்கு அந்தப் படிப்பு வேண்டும். இவளுக்கு அந்த ஆசை இல்லை, அவ்வளவுதான்.

அவள் செய்வதை, அதாவது இன்னும் கட்டாத வீட்டை நிஜம் மாதிரி படமாக்குவதை, தொழிலில் ஆர்க்விஸ் என்பார்கள். வீடு கட்டுபவர் பலருக்கு பிளான் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் சரி என்கிறார்கள், அந்தப் படத்துக்கென்றே தனி ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. கட்டடம் வரைகிற மென்பொருளான ஸ்கெட்ச்அப்பிலோ ரெவிட்டிலோ செய்த முப்பரிமாண மாடல் ஒன்று வரும், அதில் தேவையில்லாத குப்பை நிறைய இருக்கும், அதைச் சுத்தம் செய்வதிலேயே அரை நாள் போகும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் வைத்து கேமரா கோணம் பார்ப்பார்கள், இதை க்ளே ரெண்டர் என்பார்கள், ரெண்டர் என்றால் மாடலிலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுத்துத் தரும் படம். அறையைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று லென்ஸை 16 மில்லிமீட்டர் வரைக்கும் விரித்துவிட்டு, கட்டில் படகு மாதிரி நீள்வதைக் கவனிக்காதவர்கள் ஏராளம். கேமரா கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், சுவர்க் கோடுகள் சாயக் கூடாது. இதெல்லாம் ஒரு போட்டோகிராபரின் கண்.

நிறம் அதற்குப் பிறகுதான். வெள்ளைச் சுவர் என்றால் முழு வெள்ளையை வைத்துவிடக் கூடாது. நிஜமான வெள்ளைச் சுவர் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், முழு வெள்ளை வைத்தால் வெளிச்சம் அடங்காமல் துள்ளிக்கொண்டே இருந்து அறை வெளுத்துப்போகும். 600 மில்லிமீட்டர் டைல் படத்திலும் 600 ஆகவே இருக்க வேண்டும். மாலைக் காட்சி என்றால் உள்ளே 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, வெளியே நீலம் ஏறிய வானம், இரண்டும் ஜன்னல் சட்டத்தில் மோதுகிற இடம்தான் படத்தின் உயிர்.

இரவெல்லாம் அவள் கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் போடுகிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை அம்மா. வெளிச்சம் ஒரு அறைக்குள் எப்படிப் பட்டுத் தெறிக்கிறது என்பதை ஒரே சமன்பாடாக கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா 1986-ல் எழுதினார், வி-ரே, கொரோனா, சைக்கிள்ஸ் என்று ரெண்டர் எடுக்கும் மென்பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்களைக் கேமராவிலிருந்து பின்னோக்கித் துரத்துகிற கணக்கு அது, சூடாகத்தான் செய்யும். இரவு 12 மணிக்கு நீங்கள் ஸ்விட்சை அணைத்தபோது படம் முக்கால்வாசி முடிந்திருந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

இதையெல்லாம் ஏஐ செய்துவிடாதா என்று உங்கள் அண்ணன் கேட்டாராம், நியாயமான கேள்வி. ஒரு வரி எழுதினால் அழகான வரவேற்பறை வந்து நிற்கிறது, மலிவான படம் செய்து பிழைத்தவர்களுக்கு அது அடிதான். ஆனால் அதே அறையை எதிர் மூலையிலிருந்து, அதே சோபாவோடு, ஜன்னலை மட்டும் 30 சென்டிமீட்டர் தள்ளிக் காட்டு என்று கட்டுபவர் கேட்கும்போது அளவு பிசகாத மாடல் வேண்டும், பிசகினால் கண்டுபிடிக்க ஒரு ஆளும் வேண்டும்.

பணம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடன் வேண்டாம். மாடல் செய்கிற பிளெண்டர் 2002-லிருந்து திறந்த மூல மென்பொருள், காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், சைக்கிள்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு மாடல் மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸ், ரெவிட் இரண்டையும் அவற்றைச் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது, படிக்க மட்டும், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அது கூடாது. டெக்ஸ்ச்சருக்கு, அதாவது மாடல் மேல் ஒட்டும் மரம், கல் மாதிரியான மேற்பரப்புப் படங்களுக்கு, இலவசமான பாலி ஹேவன் இணையதளம் போதும். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சான்றிதழ் விற்கும் பயிற்சி நிலையத்தின் பக்கமே போகாதீர்கள், ஸ்டுடியோவில் கேட்பது பத்துப் படம், சான்றிதழை யாரும் புரட்டுவதில்லை. பட்டம் இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்றால், கட்டணம் குறைந்த, மாலை நேரத்தை அவளுக்கு விட்டுவைக்கிற ஏதாவது ஒரு மூன்று வருடப் படிப்பில் சேருங்கள். மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு வருடம் கழித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொள்ளலாம், இப்போதே வேண்டாம்.

அடுத்த முறை வருவதற்குள் அவள் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் வீட்டுக் கூடத்தை டேப் வைத்து அளந்து, சுவரின் கீறல் வரைக்கும் மாடல் செய்து, ஒரு காலை நேரத்து வெயிலோடு ரெண்டர் எடுக்கட்டும். அதே இடத்தில் நின்று அதே நேரத்தில் ஒரு போட்டோவும் எடுக்கட்டும். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள், உங்கள் அண்ணனையும் கூட்டிவாருங்கள். எது போட்டோ என்று அவரே சொல்லட்டும்.