அமெரிக்காவில் கால்நடை விவசாயிகளுக்கு வறட்சி உதவித்தொகை கவுண்டி வாரியாகக் கிடைப்பது ஏன்?

கவுண்டி என்பது ஏறக்குறைய நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மேய்ச்சல் நிலம் காய்ந்துபோனால், மாடு வளர்ப்பவர் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை அமெரிக்க விவசாயத் துறை ஏற்கும் திட்டம் இது.

ஆளுக்கு ஆள் நிலத்தைப் பார்த்து எவ்வளவு காய்ந்தது என்று அளந்துகொண்டிருந்தால் மாடு பிழைக்காது. அதனால், வியாழன்தோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி மேய்ச்சல் காலத்தில் குறிப்பிட்ட அளவு வறண்டாலே முழுக் கவுண்டிக்கும் தகுதி வந்துவிடும். கலெக்டர் விடும் மழை விடுமுறை போலத்தான்: உங்கள் தெருவில் வெயில் அடித்தாலும் பள்ளி கிடையாது. நெப்ராஸ்காவின் செர்ரி கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. அங்கே ஒரு மூலை காய்ந்தாலும் மறுமூலைக்காரர் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் தாராளம்தான், ஆனால் வேகம் வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

தொகை, மாதத் தீவனச் செலவில் சுமார் 60 சதவீதம். வறட்சியின் கடுமையைப் பொறுத்து அதிகபட்சம் 5 மாதங்களுக்குக் கிடைக்கும். உள்ளூர் விவசாயத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; தானாக வராது.

அப்புறம், "பேரிடர் கவுண்டி" என்று விவசாய அமைச்சர் அறிவித்தாலே எல்லாருக்கும் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பு முக்கியமாகத் திறந்துவிடுவது குறைந்த வட்டி அவசரக் கடனை, அதைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும்.