முன்பு வைத்திருந்தவர் டீசல் என்ஜின் மாற்றிவைத்த பழைய லேண்ட் ரோவரை மீட்டெடுக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? அசல் என்ஜினுக்கே திரும்பிவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றப்பட்ட டீசல் என்ஜின் புகை தள்ளாமல், எளிதாக ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்றால், அசல் பெட்ரோல் என்ஜினைத் தேடி அலைய வேண்டாம். கண்காட்சியில் நிறுத்துவதற்காகவே வண்டியைத் தயார்செய்கிறவருக்கு மட்டும்தான் அந்த அலைச்சலில் பொருள் உண்டு. வண்டியின் ஆவணங்களில் இப்போதைய என்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் ஏறியிருக்கின்றனவா என்பதை மட்டும், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட சீரிஸ் 3. 1971 முதல் 1985 வரை தயாரான வகை இது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இதில் இருந்தது 2286 சிசி பெட்ரோல் என்ஜின். எனக்கு முன் வைத்திருந்தவர் அதை இறக்கிவிட்டு, லேண்ட் ரோவரின் இன்னொரு மாடலான டிஸ்கவரி ஒன்றிலிருந்து எடுத்த 2495 சிசி 200 டிடிஐ டீசல் என்ஜினை ஏற்றியிருந்தார். இந்த மாற்றத்தைப் பலர் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு என்ஜின்களும் ஒரே வம்சத்தில் வந்தவை என்பதால், பழைய கியர்பாக்ஸை இடையில் தனித் தகடு எதுவும் வைக்காமலேயே இதனோடு இணைத்துவிடலாம். மேலும், இதிலுள்ள பாஷ் விஇ டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. கணினி கிடையாது, எரிபொருளைத் திறந்துவிடும் ஸ்டாப் சாலினாய்டுக்கு ஒரே ஒரு வயரில் 12 வோல்ட் கொடுத்தால் போதும், என்ஜின் ஓடும்.

இவ்வளவு எளிதாக ஓடிவிடுவதுதான் சிக்கலும். என்ஜின் ஓடத் தொடங்கிய அன்றே மாற்றியவர் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார். நான் வாங்கிய வண்டியில் என்ஜின் நல்ல நிலையில் இருந்தது, வண்டியும் அதன் வயதுக்கு மோசமில்லை. கோளாறுகள் எல்லாம் அவை இரண்டும் சந்திக்கும் இடங்களில்தான் இருந்தன. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: துருவிலிருந்தோ பெயின்டிலிருந்தோ தொடங்காதீர்கள், அந்தச் சந்திப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். என்ஜின் அறைக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டை மூன்று வாரம் உழைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, வயரிங்கை மாற்றுவதற்காக அதே தகட்டில் புதிதாகத் துளையிட வேண்டியதாயிற்று.

கழற்றுவதற்கு முன் சில வாரங்களாவது வண்டியைப் பக்கத்துத் தெருக்களில் மெதுவாக ஓட்டி, கேட்கிற சத்தத்தையும் வருகிற வாசனையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் மட்டும் அதற்கு விதிவிலக்கு. அதை ஓட்டுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசல் என்ஜினில் அப்படிப்பட்ட வெற்றிடம் உண்டாவதில்லை; அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். என் வண்டியில் அந்தப் பம்ப் என்ஜினோடு வந்திருந்தும், பூஸ்டருக்குப் போக வேண்டிய குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தார்கள். பெடல் கல்லைப் போல இருந்ததைப் பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். சோதிப்பது எளிது: என்ஜின் நின்றிருக்கும்போது பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்றே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் கூடுதல் வேகத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பதால், வீல் சிலிண்டர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் தயங்காமல் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

அடுத்தது, என்ஜினைச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்த்தபோது, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சேசிஸில் ஓர் இடம் மட்டும் காசு அளவுக்குப் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் கண்ணாடி போன்ற எஃகு. அதற்கு நேர் மேலே, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாயின் முழங்கை இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தபால் அட்டைதான் நுழையும். ஐடிலிங்கில் அது தொடவே இல்லை. கிளட்சை விட்டு வண்டி இழுக்கத் தொடங்கும் கணத்தில் என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்போதுதான் உரசியது. நோட்டுப் புத்தகத்தில் ‘முதல் கியரில் கரகர’ என்று நான் எழுதி, கியர்பாக்ஸின் மேல் சந்தேகப்பட்ட சத்தம் இதுதான். டிஸ்கவரிக்கான 200 டிடிஐயில் டர்போ தாழ்வாக அமைந்திருக்கும். சீரிஸ் வண்டியின் சேசிஸில் அதற்கு இடம் போதாது. டிஃபெண்டர் என்ற இன்னொரு லேண்ட் ரோவர் மாடலுக்கான வகையில் டர்போ மேலே இருப்பதால், அதன் மேனிஃபோல்டை (டர்போவைத் தாங்கி, என்ஜினின் புகையைத் திரட்டும் குழாய்) வாங்கி மாற்றுவதே நேர்த்தியான தீர்வு. என் முன்னவர் அதற்குப் பதிலாகச் சேசிஸின் மவுண்டிங்கைக் கேஸ் கட்டரால் வெட்டி, ஒரு தட்டைத் தகட்டை வெல்டிங் செய்து, எண்ணெயில் ஊறி மெழுகு போலாகிவிட்ட பழைய ரப்பரையே மீண்டும் போட்டிருந்தார். மவுண்டிங்கைப் புதிதாகச் செய்து, மேனிஃபோல்டை மாற்றி, அந்தப் பளபளத்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோட்டு தடவி வைத்தேன்.

டீசல் வழியும் இதே கதைதான். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு நீண்ட நேரம் கிராங்க் செய்ய வேண்டியிருந்தால், எல்லோரும் ஹீட்டர் பிளக்கையோ நாசிலையோ குறை சொல்வார்கள். பெட்ரோலாகப் பிறந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பது. டீசல் பம்புக்கு வருவதில் ஒரு பங்கு எரிந்த பிறகு மீதி டேங்குக்குத் திரும்ப வேண்டும். உள்ளே புகுந்த காற்றும் அந்த வழியாகத்தான் வெளியேறும். கார்புரேட்டருக்கு அந்தத் தேவை இல்லை என்பதால் பழைய டேங்கில் திரும்பு குழாய்க்கு இடமே இருக்காது. என் வண்டியில் திரும்பும் டீசலை ஒரு டி இணைப்பின் மூலம் பில்டருக்கு வரும் குழாயிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். காற்று எங்கும் போகாமல் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால், குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்கே தெரியும். டேங்கில் திரும்பு குழாய் ஒன்றைப் பொருத்திய பிறகு, இரவு முழுக்க நின்ற வண்டி சாவியைத் திருப்பிய உடனேயே உயிர் பெற்றது.

வயரிங்கில் நான் கண்டது ஆபத்தானது. ஸ்டாப் சாலினாய்டுக்கான மின்சாரத்தை, வைப்பருக்குப் போகும் ஃபியூஸிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரு மழை நாளில் வைப்பர் இறுகி நின்றது, ஃபியூஸ் போனது, என்ஜினும் அதே நொடியில் நின்றது. பின்னால் வந்தவர் கவனமானவராக இருந்ததால் தப்பித்தேன். சாலினாய்டுக்கு வேறு எதனோடும் பங்கு போடாத தனி வயரும் தனி ஃபியூஸும் வேண்டும். ரேடியேட்டரின் மின்விசிறியையும் சோதியுங்கள்: ஓடும்போது முன்பக்கம் ஒரு தாளை வைத்தால் அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என் வண்டியில் தாள் பறந்து போனது. வயரை மாற்றி இணைத்ததால் விசிறி தலைகீழாகச் சுழன்று, எதிரே வரும் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

இனிக் கொஞ்சம் கணக்கு. பழைய பெட்ரோல் என்ஜினின் முறுக்கு விசை 160 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். 200 டிடிஐயில் அது நிமிடத்துக்கு 1800 சுழற்சியிலேயே ஏறக்குறைய 264. ஒன்றரை மடங்குக்கும் மேலான இந்த விசையைத் தாங்க வேண்டியவை அதே பழைய கியர்பாக்ஸும் ஆக்ஸில் ஷாஃப்டும்தான். பம்பில் உள்ள திருகைத் திருப்பி இன்னும் கொஞ்சம் டீசல் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் போடாமல் விட்டிருந்தால், டீசலைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் விகிதம் 4.7, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உயர் கியர் 1.148. டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் 5.4 சுற்றுச் சுற்ற வேண்டும். 7.50-16 டயரின் சுற்றளவை 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் என்ஜின் ஏறக்குறைய 2900 சுழற்சியில் கதறிக்கொண்டிருக்கும். அதனால்தான் பலர் டிஸ்கவரியின் 3.54 டிஃபரென்ஷியலை மாற்றிப் போடுகிறார்கள். அதே வேகத்துக்கு 2170 போதும். இதற்கான விலை இரண்டு: செங்குத்தான ஏற்றத்தில் கிளட்ச் அதிகம் உழைக்கும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். உண்மையில் 80இல் போகும்போது அது 60 என்று காட்டும்.

முன்னவர் இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறாரா என்பதைவிட, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் செய்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம். பின்னால் மட்டும் மாற்றியிருந்தால், இரு சக்கர இயக்கத்தில் எந்தக் குறையும் தெரியாது. மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கர இயக்கத்துக்குப் போன பிறகுதான் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, எது பலவீனமோ அது உடையும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், சாக்குக்கட்டி போதும். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரிலும், டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டயரைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், ஷாஃப்ட் நான்கு சுற்றும் முக்காலுக்குச் சற்றுக் குறைவாகவும் சுற்றினால் அது 4.7, மூன்றரைச் சுற்றில் நின்றால் 3.54. முன் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலுள்ள டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவர் என்ன சொன்னாலும் புதிதாக மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றும்போது ஃப்ளைவீலை அதற்குரிய பின்னைச் செருகிப் பூட்டி, பம்பின் புல்லியைப் பூட்ட 9.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைச் செருகலாம். வால்வு இடைவெளி, என்ஜின் குளிர்ந்த நிலையில், 0.20 மி.மீ. ஸ்பேனர்களில் இரண்டு செட் வேண்டும்: என்ஜின் மெட்ரிக், வண்டியின் பெரும்பகுதி அங்குல அளவு. புரொப்பெல்லர் ஷாஃப்டின் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர்தான் சேரும். 14 ஏறாது, 15 வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். என் வண்டியில் எட்டு நட்டுகளின் முனைகள் உருண்டிருந்தன.

இவ்வளவும் முடிந்த பிறகு துருவுக்கு வாருங்கள். மேற்பகுதி அலுமினியம் என்பதால் ஏமாற வேண்டாம். சேசிஸும் தடுப்புத் தகடும் எஃகு. சேசிஸ் பெட்டி போன்ற அமைப்பு, உள்ளிருந்து அரிக்கும். சிறு சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள்: நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகப் பதில் சொல்லும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பிடிக்கும் இடங்கள், கால் வைக்கும் பகுதி ஆகியவற்றில் பொறுமையாகத் தட்டுங்கள். 2 மி.மீ.க்குக் குறையாத தகட்டால் ஒட்டுப்போட்டு, உள்ளே மெழுகு தெளித்து மூடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் இடையில் பெயின்டோ ரப்பரோ இல்லாவிட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். முழுவதையும் பிரித்துச் சேசிஸை மட்டும் நிறுத்தி வேலை செய்யும் ஆசை வரும். ஓடுகிற வண்டியை அட்டைப் பெட்டிகளாக மாற்றி அப்படியே விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையை முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்த மூலைக்குப் போவதையே நான் விரும்புகிறேன்.

அந்த மஞ்சள் பெயின்டை ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சேறு படிந்திருக்கிறது, துடைத்தால் மஞ்சள் அப்படியே இருக்கிறது.