பாட் தாயில் இறால் வேண்டாம் என்றால் மட்டும் போதாது

பாம்பனிலிருந்து குடும்பத்தோடு பாங்காக் போகிறோம், அப்பாவுக்கு இறால் ஒவ்வாமை, மலிவான நூடுல்ஸ் கடைகளில் இறால் இல்லாத பாட் தாய் (தாய்லாந்தின் வதக்கிய அரிசி நூடுல்ஸ்) கேட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மேலே வைக்கும் பெரிய இறாலை எடுத்துவிடுவார்கள், சரி. ஆனால் வதக்கும்போதே காய்ந்த பொடி இறால் போடுவது வழக்கம். நம்ம கடற்கரையில் காயப்போடும் கூனி மாதிரிதான்; புளிச்சாறும் நூடுல்ஸும் சேர்ந்தபின் கண்ணுக்கே தெரியாது. டாம் யம் என்ற புளிப்புக் காரச் சாறு நூடுல்ஸும் வேண்டாம், அதன் மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் இறால் உண்டு.

தெளிந்த கோழிச் சாறில் வரும் அரிசி நூடுல்ஸ் கேளுங்கள், மீன், இறைச்சி உருண்டைகள் இல்லாமல். உப்பு, புளிப்புக்கு மேசையிலேயே மீன் சாறும் மிளகாய் ஊறிய வினிகரும் இருக்கும். இறால் ஒவ்வாமைக்கு அங்கே ‘பே குங்’ என்பார்கள். அதைத் தாய்லாந்து எழுத்தில் அச்செடுத்துச் சமைப்பவரிடமே காட்டுங்கள். ஒரே சட்டியில்தான் எல்லாம் வதக்குவார்கள், அதனால் அப்பாவுக்கு முன்பு மூச்சுத்திணறல் வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கடைகளுக்குப் போகவே வேண்டாம்.