முன்பின் அறியாதவர்கள் சொல்லும் பறவைப் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தோட்டத்தில் வந்தமர்ந்த, பருந்தின் சாயலுள்ள ஒரு பறவையைப் படமெடுத்து பார்த்த உயிரினங்களைப் பதிவிட்டுப் பிறர் உதவியோடு இனங்காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிட்டீர்கள், செயலி பரிந்துரைத்தபடி அதை வல்லூறு என்று குறித்தீர்கள், ஒருவர் அதை ஒப்புக்கொண்டார், அடுத்து வந்தவர் அது அக்காக்குயில் என்று மறுத்தார். பதிவு இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, முறையாகப் பறவையியல் படிக்காதவர்கள் கூடிச் சொல்லும் பெயருக்கு மதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள்.

மதிப்பு உண்டு, ஆனால் அது பெயரைச் சொன்னவரிடமிருந்து வருவதைக் காட்டிலும் அவர் காட்டும் அடையாளத்திலிருந்தும், அந்த அடையாளத்தைப் பிறர் சரிபார்க்கும் அளவுக்கு உங்கள் பதிவு இடம்கொடுக்கிறதா என்பதிலிருந்தும்தான் வருகிறது. ஆகவே, மறுத்தவரிடம் எதைப் பார்த்து அக்காக்குயில் என்கிறீர்கள் என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். இத்தகைய தளங்களில் அது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது. நன்கு தெரிந்தவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

அவர் பதில் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இவ்விரண்டு பறவைகளுக்கும் முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்புச் சாயல், வாலில் குறுக்குப் பட்டைகள். அக்காக்குயில் பறந்து வந்து மரத்தில் அமரும் விதம்கூட வல்லூறைப் போலவே இருப்பதால் சிறு பறவைகளே அதைக் கண்டு கூச்சலிட்டுக் கலைகின்றன. ஆனால் அலகு ஏமாற்றாது. வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே வளைந்து, நுனியில் கொக்கிபோல் முடியும். அக்காக்குயிலின் அலகில் அந்தக் கொக்கி இருக்காது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியும். காலும் உதவும்: வல்லூறுக்கு மெலிந்து நீண்ட மஞ்சள் கால்களும் இரையைப் பற்றும் நகங்களும் உண்டு, அக்காக்குயிலின் கால்கள் குட்டையானவை, விரல்கள் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்தவை. உங்கள் படத்தில் பறவை பின்புறத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அலகும் காலும் மறைந்திருக்கும். அந்தப் படத்தை வைத்து இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வதில் வியப்பொன்றுமில்லை.

தளத்தின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2008-ஆம் ஆண்டு முதுகலை மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டில், குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லியிருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்ற நிலையை அடையும். நீங்களும் ஒப்புக்கொண்டவரும் சேர்ந்து மூவரில் இருவர் என்பதால் சரியாக மூன்றில் இரண்டு பங்குதான் ஆகிறது. அதற்கு மேல் போகவில்லை. அதனால்தான் உங்கள் பதிவு நிற்கிறது. இந்தக் கணக்கில் முப்பது ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவரின் சொல்லுக்கும் நேற்றுக் கணக்குத் தொடங்கியவரின் சொல்லுக்கும் ஒரே எடைதான். இதில் நியாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆபத்து என்னவென்றால், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைச் சிலர் மொய் எழுதுவதைப் போலப் பயன்படுத்துகிறார்கள். தம் பதிவுக்கு ஒருவர் ஒப்புதல் தந்தால் அவர் பதிவுக்கும் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அப்படி விழும் இரண்டாவது ஒப்புதலால் தவறான பெயர் ஆய்வுத் தரம் பெற்று, உலகளாவிய உயிரினத் தரவுத்தொகுப்புக்குப் போய்விடுகிறது. செயலி பெயரைப் பரிந்துரைக்கக் கற்றுக்கொள்வதும் இதே படங்களிலிருந்துதான் என்பதால், ஒரு தவறு அடுத்த தவறுக்குப் பரிந்துரையாகத் திரும்பி வரக்கூடும். தனக்கே அடையாளம் தெரியாத பறவைக்கு ஒப்புதல் பொத்தானை அழுத்தாமலிருப்பது, இத்தளங்களில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சேவைகளில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய, பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் தளமான இ-பேர்ட் வேறு வழியில் இயங்குகிறது. அங்கே படம் கட்டாயமில்லை; எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை பறவைகள் என்று பட்டியலாகத் தர வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த மாதத்தில் எதிர்பார்க்க முடியாத பறவையையோ எண்ணிக்கையையோ நீங்கள் குறித்தால், வடிகட்டி ஒன்று உடனே விவரம் கேட்கும். பிறகு அப்பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்து, தேவைப்பட்டால் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். அவர் உறுதிசெய்யும்வரை அது உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்குமே தவிர, பொது வரைபடத்தில் ஏறாது. இப்படிக் கேள்வி வந்தவுடன் தம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று சினந்து, கணக்கையே மூடிவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். அந்தக் கடிதம் பதிவைப் பற்றியது, ஆளைப் பற்றியதன்று.

இனி, பிறர் சரியாகச் சொல்ல நீங்கள் என்ன தர வேண்டும் என்பதற்கு வருகிறேன். நம் ஏரிகளிலும் வயல்களிலும் நிற்கும் வெள்ளைக் கொக்குகளை எடுத்துக்கொள்வோம்; இவற்றில் நடக்கும் குழப்பம் வேறெந்தப் பறவையிலும் நடப்பதில்லை என்றே தோன்றுகிறது. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். ஆனால் அது சேற்றில் நிற்கும்போது விரல்கள் தெரியாது. பொறுத்திருந்து, எழுந்து பறக்கும் நேரத்தில் பின்னால் நீளும் பாதங்களைப் படமெடுத்தால் ஐயம் தீர்ந்துவிடும். உண்ணிக்கொக்கு கழுத்துக் குறுகி, மஞ்சள் அலகோடு மாடுகளின் காலடியில் திரியும். உண்மையான சிக்கல் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் இடையில்தான். தொலைவில் தனியாக நிற்கும் பறவையின் உருவ அளவு படத்தில் தெரியாது. அலகின் நிறத்தை நம்பலாமென்றால், மற்ற காலங்களில் மஞ்சளாக இருக்கும் அலகு இனப்பெருக்க காலத்தில் இரண்டுக்குமே கறுத்துவிடுகிறது. பார்க்க வேண்டிய இடம் வாயின் ஓரக்கோடு. பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர் கீழேயே முடிந்துவிடும். தலையின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று தெளிவாகக் கிடைத்தால் இதை யாரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அழகான சூரியோதயத்தில் நிழலுருவாக எடுத்த பத்துப் படங்கள் கிடைத்தால் யாராலும் சொல்ல முடியாது.

எனவே ஒரே கோணத்தில் பல படங்களைக் குவிக்காமல், தலை, அலகு, முதுகு, அடிவயிறு, வால், பறக்கும் தோற்றம் என்று வெவ்வேறு பகுதிகளைக் காட்டும் படங்களை ஒரே பதிவில் சேருங்கள். மங்கலாக இருந்தாலும் பறக்கும் படம் ஒன்று பல நேரங்களில் வழக்கையே முடித்துவைக்கும். ஆற்றங்கரையில் ஓடும் உள்ளான் வகைகளான வுட் சாண்ட்பைப்பரையும் கிரீன் சாண்ட்பைப்பரையும் உட்கார்ந்த நிலையில் பிரிக்கப் புருவக்கோடு கண்ணைத் தாண்டுகிறதா என்று தேட வேண்டியிருக்கும் (வுட் சாண்ட்பைப்பருக்குத் தாண்டும்). பறந்தாலோ கிரீன் சாண்ட்பைப்பரின் கருமையான இறக்கைகளுக்கு நடுவே வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரிந்துவிடும். படத்தைக் கூர்மையாக்கும் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை பறவையில் இல்லாத இறகுக் கோடுகளைத் தாமாகவே வரைந்து வைப்பதால், உதவ வந்தவரைத் திசைதிருப்பிவிடும்.

வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய படத்தைப் பதிவிடும்போது நேரும் சிக்கல் வேறு. படத்தோடு ஒட்டியிருந்த தேதியும் இடமும் அங்கே உதிர்ந்துவிடுகின்றன. பலர் பதிவேற்றும் நாளையே பார்த்த நாளாகவும் தம் வீட்டையே பார்த்த இடமாகவும் விட்டுவிடுகிறார்கள். ஜனவரியில் எடுத்த வலசைப் பறவையின் படம் ஜூன் மாதப் பதிவாக மாறினால், அதைப் பார்ப்பவர் சரியான பெயரையே சந்தேகித்து வேறு பறவையைத் தேடத் தொடங்குவார். இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு உண்ணிக்கொக்கு. 2024-இல் இ-பேர்ட் பின்பற்றும் வகைப்பாட்டுப் பட்டியல் அதை மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்களாகப் பிரித்தது. இந்தியாவில் உள்ளது கிழக்கு இனம். பழைய பதிவுகளில் இடம் சரியாகக் குறிக்கப்பட்டிருந்ததால், பறவையை மறுபடி பார்க்காமலேயே அவற்றைப் புதிய பெயரின் கீழ் மாற்ற முடிந்தது.

சில பறவைகளுக்கு இனத்தின் பெயரே கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களில் இலைக்கு இலை தாவும் சிறு கதிர்க்குருவிகளில் எது பச்சைச் சாயல், எது மஞ்சள் சாயல் என்பது இலை வழியே விழும் ஒளியைப் பொறுத்து மாறிவிடும். அவற்றின் குரல்தான் சான்று. கைப்பேசியில் அரை நிமிடம் பதிவுசெய்த ஒலி, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய லென்ஸ் தராத விடையைத் தரும். ஊசிவால் உள்ளானையும் அதன் நெருங்கிய உறவான ஸ்வின்ஹோ உள்ளானையும் வாலின் ஓர இறகுகள் விரிந்து தெரிந்தாலொழியக் களத்தில் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இத்தகைய இடத்தில் பேரினத்தின் பெயரோடு நிறுத்துவதே சரியான இனங்காணல். ஐநேச்சுரலிஸ்டில் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல இயலாது என்று குறிக்கும் வசதியும் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசிப் பெயர்வரை போய்விட வேண்டும் என்ற ஆசைதான் இத்தளங்களில் காணும் பிழைகளுக்குப் பெரிய ஊற்று.

குரல் என்றதும், பறவைகளை இனங்காண உதவும் மெர்லின் செயலியைப் பற்றிக் கேட்பீர்கள். 2021-இல் அதில் வந்த ஒலியறியும் வசதி, எந்தப் பறவையைத் தேட வேண்டும் என்று காட்டுவதற்கு அருமையானது. ஆனால் அது காட்டிய பெயரை, பறவையைத் தேடிப் பார்க்காமலும் குரலை நீங்களே ஒப்பிட்டுக் கேட்காமலும் பட்டியலில் ஏற்றுவது முறையாகாது. துடுப்புவால் கரிச்சான் வேட்டைப் பறவைகள் உட்படப் பல பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக்காட்டும். அது ஆடும் நாடகத்தைச் செயலி பல பறவைகளாக எண்ணிவிடக்கூடும்.

ஆர்வலர்கள் சேர்க்கும் இந்தப் பதிவுகளால் உண்மையில் பயன் விளைகிறதா என்ற உங்கள் ஐயத்துக்கும் விடை உண்டு. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் சேர்த்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு பறவை வரைபட நூலையே உருவாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததைக் குறிக்கும் எவரும் பங்கேற்கலாம். இத்தனை பதிவுகளில் சிற்சில பிழைகள் கரைந்துபோகும் என்பது காகம், மைனா, கொண்டைக்குருவி போன்றவற்றுக்குப் பொருந்தும். அரிய பறவைகளுக்குப் பொருந்தாது. ஏனெனில் சாதாரணப் பறவையை அரியது என்று குறிப்பவர்கள் பலர், அரியதைச் சாதாரணம் என்று குறித்தாலும் அதனால் வரைபடம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கே இரண்டு மூன்று பதிவுகள் மட்டும் உள்ள ஒரு பறவையின் வரைபடத்தை ஒரே தவறான பதிவு மாற்றிவிடும். நிறமிக் குறைபாட்டால் வெளிறிய காகமும், கூண்டிலிருந்து தப்பிவந்து மின்கம்பியில் உட்கார்ந்த பட்ஜெரிகர் என்ற வளர்ப்புக் கிளியும் அடிக்கடி இப்படி அரிய வருகையாளர்களாகப் பதிவாகின்றன.

உங்கள் பதிவை அழித்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அழிக்க வேண்டாம். அலகு தெரியும் வேறு படம் இருந்தால் அதே பதிவில் சேருங்கள். இல்லையென்றால், செயலி சொன்னதைக் கேட்டுக் குறித்த வல்லூறு என்ற பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வெறுமனே ‘பறவை’ என்று குறித்துவிடுங்கள். அந்தப் பெயரின் கீழ் தேடிப் பார்த்து உதவுவதையே வழக்கமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். சில பதிவுகளுக்கு ஓராண்டு கழித்துக்கூட விடை வருவதுண்டு. அப்பறவை உங்கள் தோட்டத்தில் கூடு கட்டியிருப்பதாகத் தெரிந்தால் மட்டும், கூட்டின் படத்தைப் போடாதீர்கள், அருகில் போய் எடுக்கவும் முயலாதீர்கள். அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களுக்குத் தளமே இடத்தை மறைத்து, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ என்று காட்டும். மற்றவற்றுக்குப் பதிவிடும்போது நீங்களே அந்த மறைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறிப்பில் தெருவின் பெயரையும் எழுதாமல் விட வேண்டும்.