குதிரை மூட்டுவாதத்துக்கு மின்காந்தச் சுருள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் குதிரைக்கு 16 வயது. காலையில் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது வலது முன்னங்கால் முட்டு விறைத்து நொண்டுகிறது. கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மூட்டுவாதம் என்றார். காலில் கட்டி, விட்டுவிட்டு மாறும் காந்தப்புலத்தைச் செலுத்தும் மின்காந்தச் சுருள் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. போடலாமா? வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா? – வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: போடலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தேய்ந்த குருத்தெலும்பைக் கருவி திரும்ப வளர்க்காது. வலியும் விறைப்பும் குறையலாம். குதிரைகளில் இதற்கான ஆதாரம் இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது என்பதால், பலனை நீங்களே அளந்து பார்ப்பது அவசியம்.

கருவி கட்டத் தொடங்கும் முன்பே கைப்பேசியில் வீடியோ எடுங்கள். கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைத் தளரப் பிடித்து 20 மீட்டர் மெல்லோட்டமாகக் கூட்டி வரட்டும். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்தத் தலையாட்டம் தெரியாது. வாரம் ஒரு தடவை, அதே இடம், அதே நேரம். இடையில் மாத்திரை அளவு மாறினால் எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாது. 4 வாரத்தில் வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பணத்தை 6 வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவி லாடம் அடிக்கச் செலவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை நாள்பட்டால் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைக் குறைக்க அவரே வழி சொல்வார்.

கட்டும் முறை: முட்டுப் பகுதியைத் துடைத்துக் காயவிடுங்கள், தைலம் தடவ வேண்டாம். சுருளின் நடுப்பகுதி மூட்டின் நடுவுக்கு நேராக வரவேண்டும். விலக விலகக் காந்தப்புலம் வேகமாகக் குறையும். பட்டை நாலு விரல் சரிந்தாலே சிகிச்சை மூட்டுக்குப் போகாது. அதற்காக இறுக்கவும் கூடாது, பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, தினம் ஒரு தடவை 20 முதல் 30 நிமிடம். தசை துடித்தாலோ காலை உதறினாலோ அளவைக் குறையுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி, கொட்டகைத் தரை காய்வதே அபூர்வம். லாடம் அடித்த குதிரை ஈரத்தில் நிற்கும்போது சிறு மின்கசிவும் ஆபத்து. பேட்டரியில் ஓடும் கருவியையே கேட்டு வாங்குங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர் அருகில் நிற்கக் கூடாது. சினைக் குதிரைக்கும் புற்றுக்கட்டி உள்ளதற்கும் போடாதீர்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி, காலை ஊன்றவே மறுத்தால் உள்ளே சீழ்த் தொற்று இருக்கலாம். கருவியைத் தொடாமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

எடையையும் பாருங்கள். மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். அளவு சென்டிமீட்டரில், விடை கிலோவில். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 302 கிலோ. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத குதிரைக்குக் கொள்ளுத் தீவனத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: காந்தம் தைத்த பட்டை மலிவாகக் கிடைக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? – வாசகி, தக்கலை

பதில்: இல்லை. சுருளில் புலம் விட்டுவிட்டு மாறுவதால் திசுவுக்குள் நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. பட்டையிலுள்ள காந்தம் மாறாதது. அந்தக் காசுக்குப் படுக்கை வைக்கோலைக் கூட்டிப் போடலாம்.

கேள்வி: மூட்டுவாதக் குதிரையைக் கடற்கரையில் நடத்தலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: கால் புதையும் காய்ந்த மணலில் வேண்டாம். அலை வற்றிய இறுகிய ஈர மணலில் முதல் நாட்களில் 10 நிமிடம், நடை மட்டும். கரை சரிந்திருப்பதால் ஒரு பக்கக் கால்களிலேயே பாரம் இறங்கும். போன வழியே திரும்பிக் கூட்டி வாருங்கள், பாரம் பக்கம் மாறிவிடும்.