கோத்தகிரி ஏற 90 ஆயிரம் ரூபாய் சைக்கிள் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கோவையில் இருக்கிறேன், வயது 38, எடை 73 கிலோ. மூன்று வருடமாக ஒரு 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமதளத்தில் 40, 50 கிலோமீட்டர் போவேன். ஜனவரியில் நண்பர்கள் மூன்று பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறிவிட்டு அதே வழியில் இறங்கலாம் என்று பேசியிருக்கிறோம். கடைக்காரர், "இந்த வண்டியில மலை ஏற முடியாதுங்க, ரோடு பைக் எடுத்துக்கோங்க, நாலு கிலோ எடை குறையும்" என்று சொல்லி, மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள வேக சைக்கிள் ஒன்றை 90 ஆயிரத்துக்குக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: இந்தப் பயணத்துக்காக என்றால் வேண்டாம். ரோடு பைக் மேல் ஆசை இருந்தால் அது தனிக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.

முதலில் அந்த நாலு கிலோவைப் பார்ப்போம். நீங்கள் 73, உங்கள் சைக்கிள் ஒரு 14, தண்ணீர், பம்ப், டியூப் எல்லாம் சேர்த்து 3. மொத்தம் 90 கிலோ மேலே போக வேண்டும். அதில் நாலு கிலோ என்பது நூற்றுக்கு நாலரைகூட இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர், உயரத்தில் சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். உங்களைப் போல முதல்முறை ஏறுகிறவர் மணிக்கு 8 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம், அதாவது நாலு மணி நேரம். எடை குறைவதால் மிச்சமாவது பத்து, பதினொரு நிமிடம். நிமிடத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேல் கொடுக்கிறீர்கள். அரவேணுவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடம் போய்விடும்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது பல்சக்கரக் கணக்கு. வீட்டில் இப்போதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பற்களை எண்ணுங்கள். 21 கியர் வண்டிகளில் முன்னால் பெடலோடு சுற்றும் மூன்று பல்சக்கரங்களில் சின்னதற்குப் பெரும்பாலும் 28 பல், சிலவற்றில் 24கூட இருக்கும். பின்னால் பெரியதற்கு 28. முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரே சுற்று. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் ஏழரை கிலோமீட்டர் வேகம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். இப்போது அந்த ரோடு பைக்கை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் சின்னது 34, பின்னால் பெரியது 28 என்று இருந்தால் எடை குறைவதைக் கழித்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் பழைய வண்டியைவிட சுமார் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். விலை அதிகம், எடை குறைவு, ஆனால் முழங்காலுக்கு வேலை அதிகம். அப்படியும் ரோடு பைக்தான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டும் முன்பே பின்னால் 32 அல்லது 34 பல் செட் போட்டுத் தரக் கேளுங்கள். பின் டிரெய்லியர் (கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் பகுதி) அதைத் தாங்குமா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும், எல்லா டிரெய்லியரும் தாங்காது.

சரி, ஏறுவதற்குப் புது வண்டி வேண்டாம். பணம் செலவு பண்ண வேண்டிய இடம் இறக்கம். இதை யாரும் கேட்பதே இல்லை, எல்லாருக்கும் ஏறுவதுதான் கவலை. உங்கள் 90 கிலோ 1,450 மீட்டர் கீழே வரும்போது வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வருகிறது. பாதியைக் காற்று எடுத்துக்கொண்டாலும் மீதி ரிம்மிலும் பிரேக் கட்டையிலும்தான் இறங்கும். பயந்துகொண்டு இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருகிறவர்களுக்குத்தான் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். நேர்ப்பகுதியில் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுத் திரும்புங்கள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்று ரிம் ஆறட்டும்.

என் கதை ஒன்று. சில வருடம் முன்பு இதே இறக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கடையில் "ஃபுல் சர்வீஸ்" செய்து பில்லும் வாங்கியிருந்தேன். மேலே டீக்கடையில் சும்மா இருந்த நேரத்தில் பிரேக் பிடியை அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்தால், வயரின் தலைப்பக்கம் ஐந்தாறு இழை அறுந்து துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கிறது. கடையில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு சரி என்று பிறகுதான் புரிந்தது. பில்லில் "சர்வீஸ்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் இல்லை, எதைக் காட்டிச் சண்டை போடுவது? அன்றைக்கு சைக்கிளை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு பிரேக் வயரும் புதிது, நாலு பிரேக் கட்டையும் புதிது. நல்லதாகப் போட்டாலும் ரோடு பைக் விலையில் ஒரு மூலைக்கு வராது. எதை மாற்றினார்கள் என்று பில்லில் பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய வயரையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேட் கனம் பாருங்கள், தேய்மானப் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும், மலைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. புதுக் கட்டையோடு நேராக மலைக்குப் போகாதீர்கள், ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிப் பழக்குங்கள். ரிம் பிரேக் கட்டையில் பளபளவென்று அலுமினியத் துணுக்கு பதிந்திருந்தால் குண்டூசியால் நோண்டி எடுத்துவிடுங்கள், கரகர சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

இன்னும் சில. மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டிப் பாதை பிரியும், கோத்தகிரிப் பாதையைப் பிடியுங்கள். குன்னூர் வழியைவிட பஸ், லாரி தொல்லை குறைவு. ஆனால் ஏப்ரல், மே சீசனில் இது தலைகீழ். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைப் பெரும்பாலும் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள், அப்போது ஏறுகிறவருக்கு எதிரே ஓயாத வரிசை. ஜனவரி நல்ல தேர்வு, பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, நன்றாக விடியும் முன் மலையில் கால் வைக்க வேண்டாம். நண்பர் யாராவது காரில் பின்தொடர்வதாக இருந்தால் அந்தக் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, வழியில் நிரப்பிக்கொள்ளலாம். இறங்கும்போது குளிரும், விண்ட்சீட்டர் மறக்க வேண்டாம். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் கை விறைத்துப்போய் பிரேக் பிடிக்கவே முடியாது.

கேள்வி: ஆன்லைனில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். பெட்டியில் வந்தது, நானே வீடியோ பார்த்துப் பொருத்தினேன். திருப்பும்போது கால் முன்சக்கரத்தில் இடிக்கிறது, பிரேக்கும் ஒரு மாதிரி அதிருகிறது. விற்றவர் "பொருத்தியது உங்கள் தவறு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். ஏற்காட்டுக்குப் போகலாம் என்று வாங்கியது. (ஈரோடு)

பதில்: போட்டோ எடுத்துப் பார்க்காமலே ஒரு சந்தேகம்: முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பெட்டியில் ஃபோர்க் திருப்பி வைக்கப்பட்டு வரும், அப்படியே ஹேண்டிலை மாட்டிவிடுவார்கள். நம் ஊர்த் தெருவில் இந்த மாதிரி ஓடுகிற வண்டியை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். சீட்டில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள். முன் டிஸ்க் உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் அதேதான். ஹேண்டிலைத் தளர்த்தி ஃபோர்க்கை அரை வட்டம் திருப்பினால் சரியாகிவிடும், ஆனால் மலைக்குப் போகிற வண்டியை ஒரு மெக்கானிக் கையால் இறுக்கிவிடுவதுதான் எனக்குச் சம்மதம். சிறு கூலிதான் ஆகும். வாரண்டி அட்டையையும் படியுங்கள், அங்கீகரித்த மெக்கானிக் பொருத்தினால்தான் வாரண்டி என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும்.

திருப்பியும் அதிர்வு போகவில்லை, டிஸ்க் வளைந்திருக்கிறது அல்லது ரிம் கோணலாக வந்திருக்கிறது என்றால் அது குறைபாடுள்ள பொருள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் எழுதிய காலத்துக்குள், எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகைக்கு இந்த இடத்தில் மதிப்பில்லை. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு ஓட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் என்றாலும் தள்ளிப் போடாதீர்கள்.

போகிற போக்கில் பில்லில் வரியையும் பாருங்கள். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது.

கேள்வி: சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிளை மேட்டுப்பாளையம் கொண்டுபோக வேண்டும். உடைந்தால் ரயில்வே நஷ்டஈடு தருமா?

பதில்: தரும், ஆனால் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும். மதிப்பு சொல்லாமல் லக்கேஜில் போட்டால் கிலோவுக்கு 100 ரூபாய்தான் அவர்கள் பொறுப்பு. உங்கள் 12 கிலோ சைக்கிள் 60 ஆயிரமாக இருந்தாலும் 1,200 ரூபாய். புக் பண்ணும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டினால் அந்த மதிப்புக்கு அவர்கள் பொறுப்பு. பில் நகல் கையில் இருக்கட்டும்.

"பார்சல்" என்று சொல்லாமல் "லக்கேஜ்" என்று கேளுங்கள். டிக்கெட்டைக் காட்டி லக்கேஜில் போட்டால் உங்கள் வண்டியிலேயே வரும், பார்சல் எப்போது வேண்டுமானாலும் வரும். நீங்கள் மேட்டுப்பாளையத்தில் காலையில் இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, சைக்கிள் சென்ட்ரலில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

அட்டைப்பெட்டி எந்த சைக்கிள் கடையிலும் கேட்டால் கிடைக்கும். பெடல் இரண்டையும் கழற்றுங்கள், இடது பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். பின் டிரெய்லியர் மேல் துணி சுற்றுங்கள், பெட்டியைப் போட்டால் முதலில் வளைவது அந்தப் பகுதிதான். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள், பித்தளையில் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும், விலை சொற்பம். அது இல்லாமல் பஞ்சர் கடைக்குப் போனால் அவர் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையே, போலியா?

பதில்: இல்லாததாலேயே போலி என்று சொல்ல முடியாது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை மோட்டார் இரு சக்கர வண்டி ஹெல்மெட்டுக்கானது, அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் மலை ஏறினால் மயக்கம்தான் வரும். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒட்டிய தாளில் ஐரோப்பியத் தரமான இ.என். 1078 இருக்கிறதா பாருங்கள், எதுவும் ஒட்டாமல் வெறும் தெர்மாக்கோலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒருமுறை அடி வாங்கியதை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மறுபடி போட வேண்டாம். பழைய ஹெல்மெட் ஒன்றை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.