கொறங்காட்டு மரங்களைக் கொண்டு பல்லுயிர் வளத்தைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: காங்கயம் பகுதியில் எனக்கு ஐந்து ஏக்கர் கொறங்காடும் (உயிர்வேலி அடைத்து, மரங்களுக்கிடையே புல் வளர்த்து ஆடுமாடு மேய்க்கும் நிலம்), அதையொட்டி மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் உள்ளன. அவரவர் நிலத்தின் பல்லுயிர் வளத்தை ஆண்டுதோறும் பதிவு செய்வது என்று எங்கள் உழவர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பூச்சி, பறவை, புல், மண்ணுயிர் என அனைத்தையும் கணக்கெடுக்க எங்களால் இயலாது. மரங்களை மட்டும் எண்ணி வைத்தால் போதுமா?

பதில்: மரங்களிலிருந்து தொடங்குவது சரியான முடிவு, ஐயா. மரம் இடம் பெயர்வதில்லை. ஆண்டின் எந்த நாளிலும் எண்ணலாம். சென்ற ஆண்டு பார்த்த அதே மரத்தை இந்த ஆண்டும் பார்த்து ஒப்பிடலாம். ஆனால், எண்ணிக்கை மட்டும் உங்களை ஏமாற்றிவிடும். வரப்பில் நாற்பது தென்னை நிற்கும் தோட்டமும், வெள்வேல், வேம்பு, புங்கம், பனை, ஆத்தி எனக் கலந்து நாற்பது மரங்கள் நிற்கும் காடும் எண்ணிக்கையில் ஒன்றுதான்; அவற்றை நம்பி வாழும் உயிர்களோ ஒன்றல்ல.

ஆகவே, மரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் இனம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, பொந்து உண்டா, பட்டுப்போன கிளை உண்டா என்பவற்றை நோட்டில் எழுதுங்கள். சீமைக் கருவேலத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்; அது பெருகினால் மரக்கணக்கு உயரும், மேய்ச்சலுக்கான கொழுக்கட்டைப் புல் குறையும். கிளுவை வேலியை மரம் மரமாக எண்ண வேண்டாம். எத்தனை மீட்டர் நீளத்துக்கு இடைவெளியின்றி உயிருடன் இருக்கிறது என்று அளந்தால் போதும்.

கன்றுகளைத் தனியாக எண்ணுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வெள்வேலங்காயைத் தின்ற ஆடுகளின் புழுக்கை வழியே விதை பரவி முளைக்கும்; ஆனால் முளைத்த கன்றையும் ஆடே கடித்துவிடும். பெரிய மரங்கள் அத்தனையும் நன்றாக நிற்க, இடுப்பளவு உயரக் கன்று ஒன்றுகூட இல்லையென்றால், உங்கள் கணக்கில் இன்னும் இருபது ஆண்டுகளுக்குக் குறைவு தெரியாமல் போகலாம். உண்மையில் அந்தக் காட்டின் மரவளம் இப்போதே நின்றுவிட்டது. அப்படித் தெரிந்தால், ஒரு பகுதியை அடைத்து மேய்ச்சலுக்கு ஓய்வு கொடுப்பதும், கன்றுகளுக்கு முள் கட்டிக் காப்பதும் அவசியம்.

அடுத்து, மரம் மெதுவாக மாறும் உயிர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பக்கத்து நிலத்தில் அளவுக்கு மீறி மருந்து அடித்தால் உங்கள் புங்கமரம் அந்த ஆண்டே எதையும் காட்டாது. அதில் வந்து அமரும் உயிர்கள் காட்டும். எனவே ஐந்தாறு மரங்களைக் காவல் மரங்களாகத் தேர்ந்துகொள்ளுங்கள். புங்கமும் வேம்பும் பூத்திருக்கும் காலத்தில், காலை வெயில் ஏறிய பிறகு, ஒரே கிளைக்குக் கீழே பத்து நிமிடம் நின்று, கொம்புத்தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ, குளவி எனப் பிரித்து எண்ணுங்கள். மாதம் ஒருமுறை விடியற்காலையில் அதே மரங்களில் பதினைந்து நிமிடம் பறவைகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளையும் எண்ணிக்கொள்ளலாம்.

பழைய வெள்வேலின் பொந்துக்கு நேர் கீழே தரையைக் கவனித்தால், கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கக்கூடும். ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள்: வண்டுகளின் பளபளப்பான ஓடும், எலியின் மயிரும், ஊசி போன்ற சிறு எலும்பும் வரும். அவை புள்ளி ஆந்தை கக்கிய மிச்சம். உங்கள் நிலத்தில் இரவில் என்னென்ன பிடிபடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. தலை முறிந்து பட்டுப்போன பனையிலும் பனங்காடையும் கிளியும் முட்டையிடும் என்பதால், விழுந்து ஆபத்து விளைவிக்காத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை வெட்டாதீர்கள்.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று உங்கள் குழுவில் சிலர் கேட்கக்கூடும். பெரும்பரப்புக்கு அது மிகவும் பயன்படுகிறது. 2010ஆம் ஆண்டில் உலக வேளாண் நிலத்தில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் குறைந்தது பத்து சதவீத மரப்போர்வை இருந்தது என்பதும், இந்திய வயல்களில் 2018 முதல் 2022 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெரிய மரங்கள் மறைந்துவிட்டன என்பதும் அத்தகைய படங்களால் தெரிய வந்தவையே. இரண்டாவது செய்தி எனக்குப் பெரும் கவலை தருகிறது. எனினும், மேலிருந்து எடுக்கும் படம் மரத்தின் தலைவிரிவைத்தான் காட்டும். பொந்தும் கன்றும் தேனீயும் அதில் தெரியாது.

மரக்கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில் எடுங்கள். வரப்பின் குறிப்பிட்ட கல்லருகே நின்று அதே திசையில் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியுடன் சேர்த்து வையுங்கள். பறவைக் கணக்கைப் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பிலும் சேர்க்கலாம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில், அந்தந்தப் பகுதியின் உயிர்வளத்தைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கப்பட வேண்டும். உங்கள் நோட்டின் நகல் ஒன்றை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து, அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.